ஒரு பிழைக்காகப் பஸ் ஏறியவர்

சிவகாசியில் அச்சாகும் எழுத்தில் பாதியைப் பிழையில்லாமல் ஆக்கியவர் பென்சில் அண்ணாச்சி. மீதிப் பாதியைக் குறித்த நேரத்தில் அச்சாகவிடாமல் செய்தவரும் அவரேதான். எமனே ஓலை அனுப்பியிருந்தாலும் அதில் நாலு திருத்தம் போட்டு, "சரி பண்ணிக் கொண்டாங்க, அப்புறம் வாறேன்" என்று திருப்பி அனுப்பியிருப்பார்.

அவருக்கு நாற்பது வயதிருக்கும். வலது காதில் எப்போதும் ஒரு சிவப்புப் பென்சில் செருகியிருக்கும். குளிக்கும்போது அதை எங்கே வைப்பார் என்று அச்சகத்தில் ஒரு பந்தயமே நடந்தது. முடிவு தெரியவில்லை, கேட்கப் போனவனின் லீவு லெட்டரைத் திருத்திக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

எஸ்.எஸ்.எல்.சி. தேறிய கையோடு நான் அந்த அச்சகத்தில் சேர்ந்தேன். எங்கள் வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதை யாரும் கேட்காமலே சொல்லிவிடுவேன், இப்போதும் சொல்லிவிட்டேன். அங்கே என் வேலை, கம்பெனிக்காரர்கள் எழுதிக் கொடுத்ததை உரக்க வாசிப்பது. அண்ணாச்சி அச்சுத் தாளின் மேல் விரலை ஓட்டியபடி ஒத்துப் பார்ப்பார். எல்லாம் சரியென்றால் மூலையில் 'அச்சிடலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். அந்தக் கையெழுத்து விழாமல் மெஷின் ஓடாது. மெஷின் ஓடிய நேரத்தைவிடக் கையெழுத்துக்குக் காத்து நின்ற நேரம்தான் அதிகம் என்பது மெஷின்மேன் சுடலையின் கணக்கு.

ஒருமுறை ஒரு பெரிய மனிதர் தம் மகள் கல்யாணத்துக்கு அழைக்க வந்தார். தாம்பாளத்தில் பத்திரிகை, வெற்றிலை, பாக்கு. அண்ணாச்சி பத்திரிகையை மட்டும் எடுத்து, காதிலிருந்த பென்சிலை உருவினார். வந்தவர் வேர்த்துப்போய் நின்றார்.

"அண்ணாச்சி, ஊரு பூராக் குடுத்து முடிச்சாச்சு. ஒங்களுக்குத்தான் கடைசி."

"கடைசியில வச்சதுதான் தப்பு. மொதல்ல எங்கிட்ட கொண்டாந்திருக்கணும்."

கல்யாணத்துக்குப் போய் வயிறாரச் சாப்பிட்டார். வரும்போது பந்தல் முகப்பில் கட்டியிருந்த 'நல்வரவு' தட்டியையும் சரிசெய்துவிட்டு வந்ததாகக் கேள்வி.

விருதுநகர் பஸ்ஸில் முன்பக்கம் தொங்கிய பலகையைச் சுண்ணாம்புக் கட்டியால் திருத்தியபோது கண்டக்டர் இறங்கி வந்து, "ஏறுறீகளா, எழுதுறீகளா?" என்றார். "எழுதிட்டு ஏறுறேன்" என்றார் இவர். பஸ் நின்றது. அதுதான் எனக்கு ஆச்சரியம். அவரை எல்லோரும் திட்டுவார்கள், ஆனால் நிற்பார்கள்.

கம்பெனிக்குப் போகிற எழுத்தைத் திருத்தினால் புரிந்துகொள்ளலாம். யார் கண்ணிலும் படாத எழுத்தையும் அவர் விடமாட்டார். சுடலை தன் ஞாபகத்துக்காக மெஷின் பக்கத்துத் துண்டுச் சீட்டில், சிவப்பு மையில் எண்ணெய் எவ்வளவு சேர்க்க வேண்டும் என்று கிறுக்கி வைத்திருப்பான். மறுநாள் பார்த்தால் அதில் மூன்று சிவப்புச் சுழிகள்.

"ஏ அண்ணாச்சி, இது நான் எனக்கு எழுதுனது."

"நீ லீவு போட்டா?"

"நான் எங்க லீவு போட்டேன்? நீங்கதான் லெட்டரையே திருத்துறீகளே."

"ஒரு நாளைக்கு இல்லாட்டி ஒரு நாளு, ஒன் எடத்துல வேற ஆளு நிப்பான். அவன் இதைப் பாத்துத்தான மை போடணும்?"

சுடலை என்னைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டான். நானும் சிரித்தேன். எல்லோரோடும் சேர்ந்து சிரித்ததில் எனக்கு ஒரு சுகம் இருந்தது. என் வாசிப்பையும் அவர் திருத்துவார். படித்த பிள்ளையைப் பத்துப் பேர் முன்னால் "மறுபடி வாசிங்க தாயி" என்றால் எரிச்சல் வராதா?

அந்த வருஷம் தீபாவளி சீசன். ஒரு பட்டாசுக் கம்பெனிக்கு, பெட்டிக்குள் வைக்கும் சிறு தாள் அச்சாக வேண்டும். பூச்சட்டியை எங்கே வைப்பது, எப்படிப் பற்றவைப்பது என்று எட்டே வரி. தெருவில் லோடு ஏற்ற லாரி உறுமிக்கொண்டு நின்றது. அண்ணாச்சி தாளை மூன்று முறை திருப்பி அனுப்பிவிட்டார். ஒரு முறை முற்றுப்புள்ளிக்காக, இரண்டு முறை வரி கோணலுக்காக. நாலாவது முறையும் பென்சில் காதிலிருந்து இறங்கியது. 'பற்றவைத்ததும் விலகி நிற்கவும்' என்ற இடத்தில், அச்சுக் கோர்த்தவர் கடைசியாக வரிக் கோணலை நிமிர்த்திய அவசரத்தில் இரண்டு எழுத்தை இடம் மாற்றி, 'விகில நிற்கவும்' என்று வைத்திருந்தார்.

அச்சைப் பிரித்து மறுபடி பூட்ட அரை மணி நேரம் ஆகும் என்றான் சுடலை. முதலாளியே வந்துவிட்டார். தாளை வாங்கிப் பார்த்தார். அவருக்கே தப்பு உடனே தெரியவில்லை. அண்ணாச்சி விரல் வைத்துக் காட்ட வேண்டியிருந்தது. முதலாளி என் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, நீ படிச்ச பிள்ளை. நீ சொல்லு. இதை இப்படியே விட்டா அர்த்தம் புரியாமப் போயிருமா?"

மெஷின்கள் நின்றிருந்தன. அத்தனை ஆண்களும் என் வாயைப் பார்த்தார்கள். தப்பு தப்புதான் என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்லியிருக்கலாம்.

"புரியும் முதலாளி. ஓட்டத்துல படிக்கிறவுகளுக்கு 'விலகி'ன்னுதான் கண்ணுல படும்" என்றேன். அதோடாவது நிறுத்தியிருக்கலாம். "இந்தத் தாளை யாரு படிக்கப் போறாக?"

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணாச்சி சிரிக்கவில்லை, கோபப்படவுமில்லை. பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார்.

"அப்ப நீயே கையெழுத்துப் போடு" என்று முதலாளி தாளை என்னிடம் நீட்டினார். போட்டேன். என் கையெழுத்தை ஒருவர் கேட்டு வாங்கியது அதுதான் முதல் தடவை. முழுப் பெயரையும் எழுதினேன். மெஷின் ஓடியது, லாரி போனது. மறுநாளிலிருந்து அண்ணாச்சிக்குப் பேப்பர் குடோன். அவர் நாற்காலி எனக்கு.

குடோனிலும் அவர் சும்மா இருக்கவில்லை. 'பீடி குடிக்கக் கூடாது' பலகையை முதல் நாளே சரிசெய்தார். பீடி குடிக்கிறவர்கள் அன்றைக்கு ஒரு நாள் மட்டும் மரியாதைக்கு வெளியே போய்க் குடித்தார்கள்.

தீபாவளிக்கு எங்கள் ஊர் ஆமத்தூருக்கு, அந்தக் கம்பெனியின் ஒரு பெட்டி பட்டாசோடு போனேன். அப்பாவுக்கு மானாவாரி நிலம் கொஞ்சம், பள்ளிக்கூடம் கிடையாது. நான் சின்ன வகுப்பில் பாடம் படித்தபோது பக்கத்தில் உட்கார்ந்து அவரும் எழுத்துக் கற்றுக்கொண்டார். பஸ் டிக்கெட், உர மூட்டை என்று கையில் கிடைத்ததையெல்லாம் ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டுப் படிப்பார். பெட்டியைத் திறந்ததும் வெடியை விட்டுவிட்டுத் தாளைத்தான் எடுத்தார். நான் பார்த்த வேலை என்று அம்மாவிடம் காட்டிவிட்டு ஆரம்பித்தார். நாலு வரி நன்றாக வந்தது. ஐந்தாவது வரியில் நின்றார்.

"வி... கி... ல. விகில." மறுபடியும் முதலிலிருந்து வந்தார். மறுபடியும் அங்கேயே நின்றார். மூன்றாவது தடவை வெளிச்சத்துக்குப் போய் நின்று பார்த்தார். பிறகு தாளை மடித்துப் பெட்டிக்குள் வைத்தார்.

"அவ்வளவுதான்மா. வயசான மண்டையில எழுத்து நிக்க மாட்டேங்குது."

"இல்லப்பா, அது அச்சுப் பிழை. அச்சுலதான் தப்பு."

"அச்சுல எப்படித் தப்பு வரும்? அம்புட்டுப் பேரு பாத்துல்ல அடிக்கிறாக. நீ என் மனசு ஆறச் சொல்ற."

பார்த்தது நான்தான், தெரிந்தே விட்டது நான்தான் என்று சொல்ல நாக்கு எழவில்லை. லீவு முடிந்து கிளம்பும்போது, படிக்கட்டும் என்று நான் வந்த பஸ் டிக்கெட்டைக் கொடுத்தேன். அப்பா அதைப் பார்க்காமலே சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

சிவகாசி திரும்பியதும் நேரே குடோனுக்குப் போய் அண்ணாச்சியிடம் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நல்லது என்றும் இருந்தது. அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"ஆமத்தூர்ல எந்தத் தெரு தாயி?"

அடுத்த ஞாயிறு நான் ஊரில் இருந்தபோது வாசலில் வந்து நின்றார். சலவைச் சட்டை, காதில் பென்சில், கையில் அந்தத் தாள். உலகத்தில் எந்த அச்சகமும் ஒரு வாசகரைத் தேடிப் பஸ் ஏறி வந்திருக்காது.

"ஐயா, இந்த அஞ்சாவது வரியில பிழை இருக்கு. நீங்க படிச்சது சரி, அச்சுதான் தப்பு. பாக்க வேண்டியவன் நான். கவனிக்காம விட்டுட்டேன், மன்னிச்சுக்கிடுங்க."

அப்பா பதறிப் போனார். "என்னங்க, இதுக்குப் போயி இம்புட்டுத் தூரம் வந்திருக்கீக? மொதல்ல உக்காருங்க."

"அந்தத் தாளு எத்தனையோ கைக்குப் போச்சு ஐயா. எழுத்து எழுத்தாப் படிச்சது நீங்க ஒருத்தருதான்."

அப்பா என்னைப் பார்த்தார். அவர் முகம் பூத்துப் போயிருந்தது. "நான் சரியாத்தான் படிச்சிருக்கேம்மா" என்றார். பெட்டிக்குள் மடித்து வைத்த தாளை எடுத்து வந்து, அந்த ஐந்தாவது வரியை இருவரும் தலையை முட்டிக்கொண்டு பார்த்தார்கள். அம்மா மோர் கொண்டுவந்தாள். குடிக்க அண்ணாந்தபோது அண்ணாச்சி பார்வை எதிரே இருந்த குலுக்கையில் விழுந்தது. தானியம் கொட்டும் அந்த மண் குலுக்கையில் அப்பா கரியால் என் பெயரை எழுதி வைத்திருந்தார், ஒரு எழுத்து குறைவாக. அண்ணாச்சி கை காதுக்குப் போனதை நான் பார்த்தேன். பென்சிலைத் தொட்டுவிட்டு அது வெறுமனே இறங்கி வந்தது.

நான் நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தேன். "அவர் இல்லப்பா, நான்" என்று சொல்ல நாலு வார்த்தைகூட வேண்டாம். சொல்லவில்லை. அப்பா என்மேல் வைத்திருந்த பெருமையில் ஒரு கீறல் விழுவதை என்னால் தாங்க முடியாது என்று நினைத்தேன். முதலாளியிடம் போய் அண்ணாச்சியைப் பழைய இடத்தில் உட்கார வைக்கச் சொல்லவும் துணியவில்லை. அந்த இடத்தில் நான் உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த சீசனுக்கு முன்பே அவர் வேலையை விட்டுப் போய்விட்டார். சாத்தூர் என்றார்கள், கோவில்பட்டி என்றார்கள். இரண்டு ஊரிலும் தேடினேன்; கிடைக்கவில்லை.

அப்பா இப்போது வாரப் பத்திரிகையே படிக்கிறார். இன்னமும் எழுத்து எழுத்தாகத்தான். அதில் அச்சாகும் இந்தப் பக்கத்தை இன்று தொடங்கினால் இந்த வரிக்கு வந்து சேர ரெண்டு நாளாவது ஆகும். வந்து சேருங்கள் அப்பா, நான் காத்திருக்கிறேன். அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டது நான். நம் வீட்டுக்கு வந்து மன்னிப்புக் கேட்டுப் போன அந்த நல்ல மனிதர் மேல் ஒரு தப்பும் கிடையாது.