எட்டடிக் கை

ஒரு மனிதன் எப்படிச் செத்தான் என்பதைச் செத்தவனிடமோ சுட்டவனிடமோ விட்டுவிடாமல், பிஸ்கட் தட்டைச் சுற்றி உட்கார்ந்து கூடிப் பேசி முடிவு செய்யும் நாகரிகம் எங்கள் அலுவலகத்தில்தான் உச்சத்தைத் தொட்டது. குழுவின் குறிப்பெழுத்தர் என்ற முறையில் பெருமையோடு சொல்கிறேன்.

மேலதிகாரியின் அறையில் அவருடைய டிரைவர் குண்டு பாய்ந்து இறந்துகிடந்தார். துப்பாக்கி மேலதிகாரியுடையது. அதைப் பற்றி அவரைவிட நன்றாக அறிந்தவர் யாருமில்லை என்பதால், விசாரணைக் குழுவுக்கு அவரையே தலைவராக்கினோம்.

படிவத்தில் ஐந்து கட்டங்கள்: இயற்கை, விபத்து, தற்கொலை, கொலை, தெரியவில்லை. ஒன்றில் 'டிக்' போட வேண்டும். விஞ்ஞானம் அவ்வளவு எளிமையானது. பிரேதப் பரிசோதனை செய்த டாக்டரம்மாவுக்குத்தான் அது பிடிபடவில்லை.

"குண்டு முதுகுல நுழைஞ்சிருக்கு. சட்டையில கரி இல்ல, வெடிமருந்துத் துகள் இல்ல. எட்டடியாவது தள்ளி நின்னு சுட்டிருக்காங்க. இது கொலை."

"'சுட்டிருக்காங்க'ன்னு மரியாதையாத்தான் சொல்றீங்க, சந்தோஷம்," என்றார் தலைவர். "ஆனா தற்கொலைன்னு போட்டுடுங்க."

"எட்டடி தள்ளி நின்னு தன் முதுகைத் தானே எப்படி சார் சுட்டுக்க முடியும்?"

அறையில் பிஸ்கட் கடிபடும் ஓசை நின்றது. ஆயுத நிபுணர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"இறந்தவருக்குக் கை கொஞ்சம் நீளம் சார்."

எல்லோருக்கும் மூச்சு வந்தது. 'இறந்தவர் கை நீளமானவர்' என்று பதிவு செய்தேன். டாக்டரம்மா கையெழுத்துப் போடாமல் எழுந்து போனார்; குழுவில் மீதி நாலு பேரும் போட்டோம். மறுநாளே அவருடைய திறமையைப் பாராட்டி, பிணமே வராத ஒரு மருத்துவமனைக்கு அனுப்பிவைத்தோம்.

அறிக்கை வாங்க டிரைவரின் மனைவி வந்தார். ஒரு காகிதத்தைப் பிரித்துக் காட்டினார். பென்சிலால் வரைந்த ஒரு சின்னப் பாதம்.

"பொண்ணுக்கு ஷூ வாங்கணும்னு அன்னிக்குக் காலையிலதான் அளவெடுத்தாருங்க. சாகப்போறவர் அளவெடுப்பாரா?"

தலைவர் உருகிவிட்டார். "பாவம், செத்தவருக்கு என்னா மன உளைச்சல்! அந்தக் காகிதத்தை ஆதாரமா வாங்கிச் சேர்த்துக்கய்யா."

கையை நீட்டினேன். அந்தம்மா தரவில்லை. மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். எனக்கு விரல்களில் பேனா வழுக்கியது. வியர்வைதான், மின்விசிறி சரியாக ஓடவில்லை.

அவர் அறிக்கையை எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"கை நீளமா? அடுத்தவங்க பேனாவைக்கூட எடுத்தவரில்லீங்க அவரு."

"அது குணமில்லம்மா, அளவு," என்று பொறுமையாக விளக்கினேன். மக்கள் தொடர்பு என்பது இதுதான்.

அவர் கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். அங்கிருந்த கையெழுத்துகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டு எண்ணினார்.

"சுட்டது யாருன்னு கேட்டுத்தானே ஒரு மாசமா நடந்தேன்," என்றார் மெதுவாக. "நாலு பேரும் கையெழுத்தே போட்டுக் குடுத்திருக்கீங்க."

நாலாவது கையெழுத்து என்னுடையது. மிகத் தெளிவாக இருந்தது.