ஸ்பூன் சாரின் சந்தேகம்

தன் நாக்கைத் தவிர உலகத்தில் எதையுமே நம்பாத மனிதர் ஒருவர்தான் உண்டு. அவர் எங்கள் எர்ணாவூர் தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் சூப்பர்வைசராக இருந்தார். கேண்டீன் கரண்டியை நம்பாமல் சட்டைப்பையில் சொந்த ஸ்பூன் வைத்திருந்ததால் ஸ்பூன் சார்.

கேண்டீனில் தொழிலாளிகள் சாப்பிட உட்காரும் முன் ஒருவர் ருசி பார்த்துப் பதிவேட்டில் குறிப்பு எழுத வேண்டும். அந்த வேலை அவருடையது. பதினோரு வருடமாக ஒரே குறிப்புதான்: 'சாம்பார்: சந்தேகம்.' எழுதிவிட்டு இரண்டு தட்டு சோறு சாப்பிடுவார்.

ஒருநாள் அவருக்குக் காய்ச்சல். தலைமை அலுவலகத்திலிருந்து வந்த அதிகாரி ருசி பார்த்து, ஆங்கிலத்தில் 'ஸேபிட்' (sapid) என்று எழுதிவிட்டு விமானம் ஏறிவிட்டார். கேண்டீன் கான்ட்ராக்டர் அதைப் பார்த்து மிரண்டுபோனார். அதிகாரிகள் பாராட்டினால் 'குட்' என்பார்கள். புரியாத இங்கிலீஷ் என்றால் அது திட்டு. இதுதான் எங்கள் பக்கத்துக் கணக்கு. திங்கட்கிழமை முதல் வேறு ஆள் என்று சமையல்கார கஸ்தூரி அக்காவிடம் சொல்லிவிட்டார்.

மறுநாள் காய்ச்சல் விட்டு வேலைக்கு வந்த ஸ்பூன் சாரிடம் அக்கா வந்து நின்றார்.

"சார், இந்த வேல பூட்சுன்னா எம் பொண்ணு காலேஜ் அவ்ளோதான். அது இன்னா வார்த்தைனு பாத்து சொல்லு சார்."

ஸ்டோர்ஸில் அவருக்கு உதவியாளாக இருந்த நான் என் போனில் தேடினேன். 'ருசியானது' என்று வந்தது. ஸ்பூன் சார் நம்பவில்லை.

"போன்ல இன்னா வோணா போடுவான். பொஸ்தகத்துல பாக்கணும்."

அரை நாள் லீவு போட்டு, என் பைக்கில் கல்மண்டபம் பக்கம் ஒரு நூலகத்துக்குப் போனோம். தடித்த அகராதியிலும் அதே பொருள்தான். அச்சிட்ட வருடத்தைப் பார்த்தார். தாளை முகர்ந்துகூடப் பார்த்தார். சந்தேகம் தீரவில்லை. கீழே, சொல் பிறந்த கதை இருந்தது: லத்தீனில் ருசிப்பதற்கும் அறிவோடு இருப்பதற்கும் ஒரே வினைச்சொல்தான், அதிலிருந்து வந்தது இது. நான் படித்துச் சொன்னதும் ஸ்பூன் சார் முகம் மலர்ந்துவிட்டது.

"ருசி பாக்குறவன்தான் அறிவாளியா? அப்ப இது கரீட்டாதான் கீது."

திரும்பி வந்து, கான்ட்ராக்டர் கண்ணெதிரே அந்தச் சொல்லுக்குக் கீழே எழுதினார்: 'ருசியானது என்று பொருள். சந்தேகம் இல்லை.' கான்ட்ராக்டர் அதை இரண்டு முறை படித்தார். அகராதியே வந்து சொல்லியிருந்தாலும் தயங்கியிருப்பார். இந்த மனிதர் சந்தேகம் இல்லை என்று எழுதியபிறகு பேச்சே இல்லை. கஸ்தூரி அக்காவின் வேலை பிழைத்தது.

மறுநாள் பதிவேட்டில் 'சாம்பார்: சந்தேகம்.' அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே அக்கா அவருக்கு மூன்றாவது தட்டு வைத்தார்.

ஸ்பூன் சார் ஓய்வு பெற்றுவிட்டார். இப்போது தினமும் 'குட்' என்று எழுதுவது நான். அதே அக்கா, அதே சாம்பார்தான்; அவர் இல்லாமல் எனக்குத்தான் ருசிக்கவில்லை.