வெசாக் கூட்டில் ஒரு லூஸ் பல்பு

இந்த வருஷம், பௌத்தர்களின் வெசாக் பௌர்ணமி அன்று வயிறாரச் சாப்பிடுவது என்று முடிவு கட்டினேன். சிரிக்காதீர்கள். எங்கள் வெலிகமவில் அன்று தெருவுக்குத் தெரு தன்சல் என்னும் அன்னதானப் பந்தல். போகிறவன் வருகிறவனையெல்லாம் கையைப் பிடித்து இழுத்து, காசு வாங்காமல் சாப்பாடு போடுவார்கள். ஒரு பந்தலில் சோறு. இன்னொன்றில் மரவள்ளிக் கிழங்கும் காரமான கட்டைச் சம்பலும். சந்தியில், பக்கத்து வீட்டுக் கருணாதாச தலைமையில், ஐஸ்கிரீம்!

நான்? கல்யாணம் ஆன நாளிலிருந்து ஒரு கரண்டி தன்சல் சோறு கண்டதில்லை. என் மனைவி பியசீலி விடியற்காலையிலேயே வெள்ளை உடுத்தி என்னை விகாரைக்கு இழுத்துக்கொண்டு போய் சில் என்னும் விரதம் எடுக்க வைத்துவிடுவாள். சில் எடுத்தவன் மத்தியானத்துக்குப் பிறகு எதையும் மெல்லக் கூடாது. ஊரே தின்னும், நான் பாயில் உட்கார்ந்து பிரசங்கம் கேட்பேன். கொடுமை!

"வரமாட்டேன்" என்று சொல்ல வேண்டியதுதானே என்பீர்கள். நீங்கள் பியசீலியைப் பார்த்ததில்லை.

ஆகையால் மூளையைப் பயன்படுத்தினேன். நான் விஞ்ஞான வாத்தியார். பள்ளிக்கூடம் போக, சனிக்கிழமைகளில் வீட்டு முன்னறையில் டியூஷன். மின்சாரப் பாடம் என்றால் ஊரில் என்னைத்தான் சொல்வார்கள். முற்றத்தில் தொங்கும் வெசாக் விளக்குக் கூடு கட்டும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். மூங்கில் சட்டம், வெள்ளைத் தாள், உள்ளே இருபது குட்டி பல்பு.

"ஒவ்வொண்ணும் பன்னெண்டு வோல்ட்தான். வீட்டு கரண்ட் இருநூத்தி முப்பது. நேரா குடுத்தா படார்னு போயிடும்" என்று பியசீலிக்கு விளக்கினேன். "அதனால இருபதையும் கைகோத்து வரிசையா நிக்க வச்சிருக்கேன். தொடர் இணைப்பு. வோல்ட்டைப் பங்கு போட்டுக்கும்."

"ஒருத்தன் கையை விட்டா?"

"மொத்தக் கூடும் இருட்டு. எந்தப் பல்புன்னு பார்த்தாலும் தெரியாது. ஒவ்வொண்ணாக் கழட்டித்தான் பார்க்கணும். நாள் பூரா ஆகும்."

"அப்படியா!" என்றாள். அந்த 'அப்படியா'வை நான் கவனித்திருக்க வேண்டும்.

திட்டம் புரிந்திருக்குமே? வெசாக்குக்கு முந்தின நாள் டியூஷன் முடித்து வந்து, தாளுக்குள் கைவிட்டு ஒரே ஒரு பல்பை அரைச் சுற்று தளர்த்தினேன். காலையில் கூடு எரியாது. தெருவில் எங்கள் கூடு மட்டும் இருட்டாக இருந்தால் மானம் போகும். வாத்தியார் வீட்டிலேயே தங்கிச் சரிபார்த்தாக வேண்டும், மனைவி விகாரைக்குப் போவாள், நான் சந்திக்குப் போவேன். எரிகிறதா என்று போட்டுக்கூடப் பார்க்கவில்லை. விஞ்ஞானத்தின் மேல் அவ்வளவு நம்பிக்கை எனக்கு. வேலிக்கு மேலே எட்டி, "ரெண்டு கிண்ணம் தனியா எடுத்து வைங்க" என்று கருணாதாசவிடம் சொல்லியும் வைத்துவிட்டேன்.

காலையில் முற்றத்தில் கூட்டின் கீழே நின்று தலையில் கைவைத்தேன்.

"என்னங்க, இன்னும் வெள்ளை உடுத்தலையா? அண்ணன் த்ரீவீலரோட வாசல்ல நிக்கிறார்."

"எங்கேர்ந்து வர்றது, பியசீலி! கூடு எரியல. எந்தப் பல்போ தெரியல. நீ போ. புண்ணியத்துல எனக்கும் கொஞ்சம் சேர்த்துக் கேளு."

"அப்படியா! இருங்க, ஒருதரம் போட்டுப் பார்க்கறேன்."

"போடாதே! வீண் வேலை!"

உள்ளே போய்ப் போட்டாள். கூடு ஜெகஜ்ஜோதியாக எரிந்தது. பத்தொன்பது பல்பும் பளிச். ஒன்று மட்டும் இருட்டு. நான் தளர்த்திய அதே பல்பு. காட்டிக்கொடுக்கிற பயல்!

இது நடக்கவே கூடாது. பாடப்புத்தகமே பொய்யா?

பியசீலி வெளியே வந்து, ஸ்டூலில் ஏறி, தாளுக்குள் கைவிட்டு அரைச் சுற்று திருகினாள். இருபதும் எரிந்தது. "இதுதாங்க லூஸ். ஒரு நிமிஷம் ஆகல, பாருங்க."

"எ... எப்படி?"

"பக்க இணைப்பு. ஆளுக்கு ஒரு தனி வழி. ஒருத்தன் கையை விட்டாலும் மத்தவன் எரிவான்."

"உனக்கு யார் சொல்லிக் கொடுத்தது?"

"நீங்கதான். வாராவாரம் முன்னறையில கத்துறீங்களே, அடுப்படியில எனக்குக் காதில்லையா? மரமண்டைப் பிள்ளைங்களுக்காக மூணு மூணு தரம் வேற சொல்றீங்க. நேத்து நீங்க டியூஷன்ல கத்திட்டிருந்தப்பவே வயரை மாத்திட்டேன்."

"எதுக்கு மாத்தணும்? நல்லாத்தானே இருந்தது?"

"நல்லாத்தான் இருந்தது. 'சார் சில் எடுக்க வரலையாமே, ரெண்டு கிண்ணம் ஐஸ்கிரீம் சொல்லி வச்சிருக்காராமே'ன்னு கருணாதாச பெண்சாதி முந்தாநாளே கேட்டா. வெனிலாவா சாக்லேட்டான்னும் கேட்டா."

கருணாதாச! நான் முறையாகச் சொல்லி வைத்தது நேற்றுத்தான். ஆனால் போன வாரமே டீக்கடையில் அவரிடம் ரெண்டு கிண்ணக் கணக்கை உளறியிருந்தேன். அந்த மனுஷன் வயிற்றில் ஒரு வார்த்தை தங்காது.

சரி, தோற்றேன். வெள்ளை உடுத்தினேன். ஆனால் முழுதாகத் தோற்கவில்லை. என் மோட்டார் சைக்கிள் இருக்கிறதே! அதில் விகாரைக்குப் போனால், பதினொன்றரைக்குப் பிரசங்கம் சூடு பிடிக்கும்போது நழுவி, மத்தியானத்துக்குள் சந்தியில் ஒரு கிண்ணமாவது முடித்துவிட்டுத் திரும்பலாம்.

"நீ மச்சான்கூட முன்னாடி போ. த்ரீவீலர்ல எனக்குக் கால் நீட்ட முடியாது. நான் பைக்ல பின்னாடியே வர்றேன்."

"சரிங்க" என்று உடனே ஏறி உட்கார்ந்தாள். அவள் உடனே 'சரிங்க' என்றால் எங்கேயோ என் கணக்கு உதைக்கிறது என்று அர்த்தம்.

ஸ்டார்ட்டர் பொத்தானை அமுக்கினேன். சத்தமே இல்லை. இன்னொரு தரம் அமுக்கினேன். முனகல்கூட இல்லை. கிக்கர் உடைந்து எத்தனையோ மாதம், சரிசெய்யவில்லை. அமுக்கினேன், அமுக்கினேன், கட்டைவிரல் வலித்ததுதான் மிச்சம். தலைக்கு மேலே கூடு பட்டப்பகலில் இருபது பல்போடு பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது.

மச்சான் வண்டிக்குள்ளிருந்து தோள் குலுங்கச் சிரித்தார். பியசீலி தலையை மட்டும் வெளியே நீட்டினாள்.

"ஏங்க, இருபதையும் பக்க இணைப்புல போட்டா, கூட்டுக்குப் பன்னெண்டு வோல்ட் எங்கேர்ந்து வருதுன்னு நீங்க கேக்கவே இல்லையே!"

என் ஒன்பதாம் வகுப்புப் பரீட்சையில் முதல் கேள்வியே அதுதான்: மோட்டார் சைக்கிள் பேட்டரி எத்தனை வோல்ட்? ஒரு மதிப்பெண்.