தூக்குப்போசியும் துப்பறியும் நானும்

துப்பறியும் தொடர் பார்ப்பவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. அடுத்தவர் வீட்டு வாசலில் கிடக்கும் செருப்பைக்கூடச் சும்மா பார்க்க மாட்டார்கள். எனக்கு அது முற்றியிருந்தது.

என் இளவயதில் ஓடி நின்றுபோன தொடர் ஒன்று மறுபடி வந்திருந்தது. அதே துப்பறிவாளர், அதே நடிகர். அன்று மதில் தாண்டிக் குதித்தவர் இன்று முழங்காலைத் தடவிக்கொண்டு நாற்காலியில் உட்கார்கிறார். ஒரு காபி டம்ளரைப் பார்க்கிறார். பாதி வழக்கு முடிந்துவிடுகிறது. அந்தக் குதிப்பைவிட இந்த உட்காரல் அழகு. நரை விழுந்த பிறகு ஒரு மனிதனுக்கு இவ்வளவு வெளிச்சமா! அதற்கு முந்தைய அரைமணி, வீட்டு மாப்பிள்ளை அசடு வழியும் நகைச்சுவைத் தொடர். பதில் சொல்லுமுன் மாப்பிள்ளையாக நடிப்பவர் அரை மூச்சு தாமதிப்பார். சிரிப்பே அந்த அரை மூச்சில்தான் இருக்கிறது. (என் மனைவி இரண்டு தொடரையும் ஒரே முகத்தோடு பார்ப்பாள். என்னையும் அப்படித்தான்.)

தம்பிக்கு அப்போது முப்பத்தாறு. பத்து இடம் தட்டிப்போய், பதினோராவதாக எருமப்பட்டியில் பெண் பார்க்கப் போனோம். "இதுவும் தட்டிப்போச்சுன்னா நான் போர் போடற ரிக் வண்டியோட வடக்க போயிருவேங்ணா, திரும்ப மாட்டேன்" என்று சேலம் அஸ்தம்பட்டியில் கார் ஏறும்போதே சொல்லிவிட்டான்.

போய் உட்கார்ந்தேன், முழங்காலைத் தடவியபடி. அலமாரியில் ஒரு எவர்சில்வர் தூக்குப்போசி, பலகாரம் கொண்டுபோகும் தூக்குவாளி. மூடியில் பேர் வெட்டியிருந்தது. கண்ணாடி போடாத கண்ணுக்கு, பெரிதாக வெட்டிய ஊர் மட்டும் தெரிந்தது: சேலம். தட்டில் முறுக்கு வந்தது. எங்கோ தின்ற ருசி. போதாதா?

"ஏனுங்க, எங்களுக்கு முன்னால சேலத்துல இருந்து ஆரோ வந்துட்டுப் போயிருக்காங்க போல?"

பெண்ணின் அப்பா துண்டால் முகம் துடைத்தார். "அது... வந்துங்க..."

"மறைக்காதீங்க. ஒரே சமயத்துல ரெண்டு எடத்துக்குப் பேசறது நாயமுங்களா?"

தம்பியின் முகம் வெளிறியது. கூட வந்திருந்த என் அக்கா இருமினாள். விடாமல் இருமினாள். (பக்கத்தில் இருப்பவர்கள் பதறினால் துப்பு சரி என்று அர்த்தம்.)

காபி கொண்டுவந்த பெண், கவிதா, தட்டை வைத்துவிட்டுப் போசியை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

"முழுசாப் படிங்க."

கை நீட்டி, தள்ளிப் பிடித்துப் படித்தேன். 'ப. தங்கவேல், சேலம்.'

என் பேர். என் கல்யாணத்துச் சீர்ப் போசி.

எங்கள் பக்கம் பெண் பார்க்கப் போகுமுன் வீட்டுப் பெண் ஒருத்தி சொல்லாமல் போய் நோட்டம் பார்த்து வருவது வழக்கம்.

"முந்தாநேத்து உங்கக்கா வந்தாங்க. வழி தப்பிட்டேன், தண்ணி குடுங்கன்னாங்க" என்றாள் கவிதா. "வழி தப்புனவங்க எதுக்குங்க போசி நெறைய முறுக்கு கொண்டாரணும்? அவங்களக் காட்டிக்குடுக்க வேண்டாம்னுதான் அப்பா திணறுனாரு."

"உன்ற ஊட்டுப் போசிதான் கைக்கு வந்துச்சு. பேரு வெட்டுனத மறந்துபோட்டேன் சாமி" என்றாள் அக்கா, இருமல் சட்டென்று குணமாகி.

அரை மூச்சு தாமதம். பிறகு தம்பி சிரித்தான். பத்து வீட்டிலும் தரையைப் பார்த்தே உட்கார்ந்திருந்தவன், கண்ணில் நீர் வரச் சிரித்தான். கவிதா அவனை நிமிர்ந்து பார்த்தாள். அவ்வளவுதான், முடிவாகிவிட்டது.

இன்றும் ஞாயிறு மாலை, தொடரின் இசை கேட்டதும் கவிதா அந்தப் போசியோடு வந்து நிற்பாள். மூடியைத் திறக்க மாட்டாள்.

"படிங்க மாமா."

கண்ணாடி போட்டு, என் பேரை நானே உரக்கப் படித்த பிறகுதான் முறுக்கு. துப்பறிவாளருக்குக் குற்றவாளி கிடைக்க இன்னும் ஒரு மணி நேரம் இருக்கும்.