ஹமுரோ தோற்க வேண்டிய ஞாயிறு

திரையில் வண்ணக் காகிதம் கொட்டியது. மேளம் முழங்கியது. ஹமுரோவின் மஞ்சள் கார் மேடையின் உச்சிப் படியில் ஏறி நின்று குதித்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்த ஹமுரோவுக்கு அழுகை வந்தது.

"மறுபடியும் நீங்கதான் முதல்" என்றார் இசோபே.

"மன்னிச்சிருங்க சார். கை தவறிடுச்சு."

"கை தவறி யாராவது முதல்ல வருவாங்களா?"

 ஹமுரோ கடைசியாக வரத்தான் பார்த்தார். உண்மையிலேயே பார்த்தார்.

காலையில் வேலைக்குக் கிளம்பும்போது அவர் மனைவி கிமியே செருப்பை மாட்டிக்கொண்டே சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

"இன்னிக்கு ஒரு ஆட்டம்கூட நீங்க ஜெயிக்கக் கூடாது. புரியுதா?"

"அவன் என் சிநேகிதன்டீ."

"சிநேகிதன் எல்லாம் போன வருஷம். இப்ப அவர் செக்‌ஷன் தலைவர். கம்பெனிக்காரங்க கோல்ஃப் ஆடறப்ப பாத்ததில்ல? யாருக்கு யாருகிட்ட காரியம் ஆகணுமோ அவங்க தோக்கணும். கோல்ஃப்னா என்ன, வீடியோ கேம்னா என்ன."

காரியம் ஆக வேண்டியது ஹமுரோவுக்குத்தான். அமகசாகி துறைமுகத்துக் குளிர்பதனக் குடோனில் அவர் பெட்டி தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிறார். மார்ச் முடிந்தால் ஒப்பந்தமும் முடியும். வழக்கமாக மறுநாளே புதுப்பித்துவிடுவார்கள். இந்த வருஷம் ஆளில்லாமல் தானே ஓடுகிற வண்டிகள் வந்து இறங்கியிருந்தன. ஓட்டுநர்களில் ஒருத்தர் போக வேண்டியிருக்கும் என்று சாப்பாட்டு அறையில் பேச்சு. அந்த ஒருத்தர் யாரென்று சொல்ல வேண்டியவர் இசோபே.

இசோபேயும் ஹமுரோவும் ஒன்றாக அந்தக் குடோனில் சேர்ந்தவர்கள். ஞாயிறு தவறாமல் இந்த அறையில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு, பொரி உருண்டை தின்றுகொண்டு, ஒருவரையொருவர் திட்டிக்கொண்டு விளையாடியவர்கள். தலைவரான பிறகு இசோபே வரவில்லை. இந்த வாரம் அவரே கூப்பிட்டு, "ஞாயித்துக்கிழமை வரலாமா? புது கேம் மிஷின் வாங்கியிருக்கியாமே" என்று கேட்டார்.

வந்தவர் டை கட்டியிருந்தார். கையில் ஊதாத் தாள் சுற்றிய பெட்டி. இரண்டு கையாலும் நீட்டி, குனிந்து கொடுத்தார். வாங்கிய ஹமுரோவின் கை இறங்கிவிட்டது. அப்படி ஒரு கனம்.

"எதுக்கு சார் இதெல்லாம்? பிரிக்கட்டுமா, டீயோட சாப்பிடலாம்."

"வேண்டாம், வேண்டாம். நான் போனப்புறம் வீட்ல சேர்ந்து பிரிங்க."

பெட்டியைக் குளிர்பெட்டியின் தலையில் வைத்துவிட்டுத் திரும்பினால், இசோபே மண்டியிட்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார், சாவு வீட்டில் உட்காருவதுபோல. தலைவரே மண்டியிட்டிருக்கும்போது இவர் எப்படிக் காலை நீட்டுவது? இவரும் மண்டியிட்டார். ஐம்பது தாண்டிய இரண்டு பேர் கன்ட்ரோலரை மடியில் வைத்துக்கொண்டு, பரீட்சை எழுத வந்தவர்கள்போல உட்கார்ந்திருந்தார்கள்.

கார்ப் பந்தயத்தில் தோற்க ஹமுரோ எடுத்த முதல் வழி, வண்டியை மெதுவாக ஓட்டுவது. ஆனால் இந்தக் காலத்து ஆட்டங்களுக்கு இரக்க குணம் அதிகம். பின்தங்குகிறவனைப் பார்த்தால் பாவப்பட்டு ராக்கெட் கொடுக்கும். கடைசியில் கிடந்த ஹமுரோவுக்கும் கொடுத்தது. தெரியாமல் அந்தப் பொத்தானில் கட்டைவிரல் பட்டுவிட்டது. அவ்வளவுதான், அத்தனை பேரையும் தாண்டிப் போய் முதலில் விழுந்தார்.

அடுத்த பந்தயத்தில் சுவரில் மோதப் பார்த்தார். வண்டி மோத மறுத்தது. சுவர்ப் பக்கம் திருப்பினால் அதுவே பாதைக்குத் திரும்பிக்கொண்டது.

"இது என்ன, தானே ஓடுது" என்றார் ஹமுரோ.

"இப்ப எல்லாமே அப்படித்தான்" என்றார் இசோபே. சொல்லிவிட்டு ஏனோ தலையைக் குனிந்துகொண்டார்.

அந்தப் பந்தயத்திலாவது இசோபே முன்னால் போயிருக்கலாம். ஆனால் கடைசி வளைவில் அவருடைய கார் நேராகப் போய்க் கடலில் விழுந்தது. ஆட்டமே அதைத் தூக்கிப் பாதையில் வைத்தது. மறுபடியும் விழுந்தது.  இசோபேக்குக் கோபம் வந்துவிட்டது, அதான் இப்படி ஓட்டுகிறார் என்று ஹமுரோ நினைத்தார்.

"வேற ஏதாவது போடலாமா சார்?"

"போடுங்க. நீங்க எது சொல்றீங்களோ அது."

அந்த 'நீங்க' ஹமுரோவின் காதில் ஒட்டவே இல்லை. எத்தனையோ வருஷமாக 'டேய் மாங்கா மடையா' என்று கூப்பிட்ட வாய் அது. இவர் 'சார்' போட்டதால் அவர் 'நீங்க' போடுகிறார் போலிருக்கிறது என்று நினைத்தார். அதற்காக 'சாரை' எடுக்கவும் தைரியம் இல்லை.

அடுத்தது சண்டை ஆட்டம். முதலில் அரைமணி நேரம் கதை ஓடியது. ஒரு கிழவர் மழையில் நடந்தார், நின்றார், பெருமூச்சு விட்டார். அடியில் ஓடிய எழுத்து எறும்பு அளவு.

"படிக்க முடியுதா?" என்றார் இசோபே.

"எங்க சார். கண்ணாடி போட்டாலும் தெரியல."

"புல்லைப் பாருங்க. ஒவ்வொண்ணும் தனித்தனியா ஆடுது."

"ஆமாம். நம்ம குடோன்ல ஒன்பதாம் வரிசைல விளக்கே எரியல. இதுல புல்லுக்கு நிழல் விழுது."

இசோபே சிரித்துவிட்டார். பழைய சிரிப்பு, மூக்கால் வருவது. ஹமுரோவும் சிரித்தார். ஒரு நிமிஷம் அறை பழைய அறையாக இருந்தது. பிறகுதான் குடோனைக் குறை சொல்லிவிட்டோமே என்று அவருக்கு உறைத்தது. "விளக்கு எரியாதது கண்ணுக்கு நல்லதுதான் சார்" என்று சேர்த்துக்கொண்டார். இசோபேயின் சிரிப்பு நின்றது.

சண்டை தொடங்கியது. ஹமுரோ எந்தப் பொத்தானையும் தொடாமல் நின்றார். அடிக்கட்டும் என்று காத்திருந்தார். இசோபேயின் ஆளும் அடிக்காமல் நின்றான். மலை உச்சியில் இரண்டு மல்லர்கள், மூச்சு வாங்கிக்கொண்டு, பஸ்ஸுக்கு நிற்பவர்கள்போல நின்றார்கள்.

"நீங்க முதல்ல" என்றார் ஹமுரோ.

"இல்ல, நீங்க."

"ஐயோ, நான் எப்படி சார்."

சரி, நாமே கீழே குதித்துவிடுவோம் என்று ஹமுரோ முடிவுசெய்து விளிம்பைப் பார்த்து ஓடினார். அவர் போய்ச் சேர்வதற்குள் இசோபேயின் ஆள் எதிர்ப்பக்க விளிம்பில் ஏறி, திரும்பிக்கூடப் பார்க்காமல் குதித்துவிட்டான். வெற்றி ஹமுரோவுக்கு. மறுபடியும் மேளம்.

என்னோடு ஆடுவதைவிடச் சாவதே மேல் என்று இசோபே முடிவுசெய்துவிட்டார் என்று ஹமுரோவுக்குத் தோன்றியது.  வேலை போய்விட்டது. வேறு எங்கே போவது? இந்த முழங்காலை வைத்துக்கொண்டு, இந்த வயதில், ஃபோர்க்லிஃப்ட்டைத் தவிர எதையும் ஓட்டத் தெரியாதவனை யார் சேர்ப்பார்கள்? குளிர் அறைக்குள் போட்டுக்கொள்ளும் பஞ்சுச் சட்டைகூடக் கம்பெனிச் சொத்து.

அப்போதுதான் ஒரு யோசனை வந்தது. எதிரெதிராக ஆடினால்தானே வெற்றி, தோல்வி? இரண்டு பேரும் ஒரே பக்கம் இருக்கிற ஆட்டம் ஒன்று மிஷின் விற்ற கடைக்காரர் இலவசமாகக் கொடுத்திருந்தார். அதைப் போட்டார்.

திரையில் ஒரு குடோன் வந்தது. பெட்டிகள் வந்தன. இரண்டு ஃபோர்க்லிஃப்ட் வந்தன.



"ஞாயித்துக்கிழமையுமா" என்றார் இசோபே.

"மாத்திரட்டுமா சார்?"

"வேண்டாம். ஓட்டுங்க. நீங்க ஓட்டிப் பாத்து நாளாச்சு."

இதில் ஹமுரோவால் தப்பாக ஓட்ட முடியவில்லை. மனசு தப்பு செய் என்றது, கை கேட்கவில்லை. பெட்டி சாய்ந்தால் கை தானாகவே நிமிர்த்தியது. குறுக்கே வந்த இசோபேயின் வண்டிக்குத் தானாகவே வழிவிட்டு நின்றது. லாரிகள் நிறைந்தன. மணி அடித்தது. திரை முழுக்கப் பொன் எழுத்து வந்தது, இந்த முறை கண்ணாடி இல்லாமலே படிக்கிற அளவில்.

'மிகச் சிறந்த தொழிலாளி: ஹமுரோ.'

அதன் கீழே, தேவையே இல்லாமல், 'இன்னும் முயல வேண்டியவர்: இசோபே.'

இசோபே அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கன்ட்ரோலரை மெதுவாகத் தரையில் வைத்தார். "நீங்க எப்பவுமே நல்ல வேலைக்காரர்தான்" என்றார்.  கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைத்தார்.

மேலதிகாரியை அவமானப்படுத்தி அழவும் வைத்துவிட்டோம் என்று ஹமுரோவுக்குத் தலை சுற்றியது. எதையாவது செய்தாக வேண்டும்.

"அது பொய் சார். மிஷின் தப்பாக் காட்டுது. நான் ஒண்ணும் நல்ல வேலைக்காரன் இல்ல."

"அப்படிச் சொல்லாதீங்க."

"நிஜமா சார். போன மாசம் இறால் பெட்டி அடுக்கோட சரிஞ்சுதே. அது நான்தான்."

அது ஹமுரோ இல்லை. அன்றைக்கு அவர் லீவு. ஆனால் வாயில் வந்துவிட்டது.

இசோபே கைக்குட்டையை இறக்கினார். "நீயா?"

"நானேதான்."

"நிஜமாவா?" இசோபேயின் முகத்தில், வந்ததிலிருந்து முதல் தடவையாக, ஒரு வெளிச்சம் வந்தது. முதுகு தளர்ந்தது. மண்டியிட்ட காலை எடுத்து மெல்ல நீட்டினார். "வேற ஏதாவது இருக்கா?"

'நீ' வந்துவிட்டது. காலையும் நீட்டிவிட்டார். ஹமுரோவுக்கு உயிர் வந்தது. கடைசியில் தோற்கும் வழி கிடைத்துவிட்டது.

"எவ்வளவோ இருக்கு சார். மத்தியானம் டூனா வரிசைக்குப் பின்னால தூங்குவேன்."

"அந்தக் குளிர்லயா?"

"பழகிடுச்சு. அப்புறம் பின்பக்க ஷட்டர்ல ஒரு பள்ளம் இருக்குல்ல, அதுவும் நான்தான். கண்ணு வேற சரியாத் தெரியறதில்ல."

"கண்ணா?" இசோபே நிமிர்ந்தார். "லிஃப்ட் ஓட்றவனுக்குக் கண்ணு தெரியலன்னா ஆபத்தாச்சேடா."

"ஆபத்துதான் சார். நீங்க இருந்து சமாளிக்கறதாலதான் எங்க பொழப்பு ஓடுது."

"மடையா" என்றார் இசோபே, பழைய பிரியத்தோடு. ஹமுரோவின் தோளில் தட்டினார். "நீ இதெல்லாம் சொன்னது எனக்கு எவ்வளவு பெரிய ஒத்தாசைன்னு உனக்குத் தெரியாது. ஒரு வாரமா நான் தூங்கல."

எழுந்தபோது கால் மரத்துப்போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டார். வாசலில் ஷூவைப் போட்டுக்கொண்டு, முகத்தைப் பார்க்காமல், "நாளைக்குக் காலைல வண்டில ஏறுறதுக்கு முன்னாடி என் ரூமுக்கு வா. உன் பேர் முத்திரையையும் எடுத்துட்டு வா" என்றார்.

முத்திரை. எந்தக் காகிதத்திலும் கையெழுத்துக்குப் பதிலாகக் குத்துவது; வருஷா வருஷம் ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது கொண்டுபோவது. ஹமுரோ இடுப்பு வலிக்கும் வரை குனிந்து வழியனுப்பினார்.

கிமியே இருட்டும் நேரத்தில் வந்தாள். ஸ்டேஷன் பக்கத்து டிபார்ட்மென்ட் ஸ்டோரின் அடித்தளத்தில் ஊறுகாய் விற்கிற வேலை அவளுக்கு. அவள் பையை வைப்பதற்குள் ஹமுரோ ஆரம்பித்துவிட்டார்.

"காரியம் முடிஞ்சிடுச்சு. முத்திரையோட வரச் சொல்லிட்டான்."

"தோத்தீங்களா?"

"அதுதான் முடியல. எல்லாத்துலயும் நானே ஜெயிச்சுத் தொலைச்சேன்."

"அவர் ஒண்ணுகூட ஜெயிக்கலையா?"

"ஒண்ணுகூட இல்ல. ஆனா கடைசில நான் பேசின பேச்சுல மனசு குளிர்ந்துதான் போனான். பெரிய மனுஷன்டீ அவன். டை கட்டிக்கிட்டு, மண்டியிட்டு உட்கார்ந்து, இனிப்பு வேற வாங்கிட்டு வந்தான். அதோ பாரு, மேல."

கிமியே எட்டிப் பெட்டியை எடுத்தாள். கை இறங்கியது. ஊதாத் தாளைப் பிரிக்காமல் திருப்பி, கடையின் சீட்டைப் பார்த்தாள். மேஜைமேல் வைத்துவிட்டு, கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தாள்.

"இது எங்க கவுன்ட்டருக்கு எதிர்க்கடையில விக்கிற பயறு இனிப்புக் கட்டி. இதை விளையாடப் போற வீட்டுக்கு ஒருத்தரும் வாங்கி நான் பாத்ததில்லீங்க. மன்னிப்புக் கேக்கப் போறவங்கதான் வாங்குவாங்க, செய்யப்போற தப்பு எவ்வளவு பெருசோ அவ்வளவு கனமா."