குருநகரில் அடி வாங்கப் போனோம்

அடி வாங்குவதற்கென்றே நேரம் குறித்து, வெள்ளை வேட்டி உடுத்து, கையில் குடையும் எடுத்துக்கொண்டு வீடு தேடிப் போன மனிதர் யாழ்ப்பாணக் குடாநாட்டிலேயே ஒருவர்தான் இருந்தார். படிப்பு முடிந்து நான் முதன்முதலில் வேலைக்குச் சேர்ந்ததும் அவரிடம்தான்.

அவருக்குத் தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று இருந்தது. பெரியகடைக்குப் பின்னால் உள்ள ஒழுங்கையில் அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் எல்லோரும் உதட்டைப் பிதுக்குவார்கள். "வாசிச்சுக்காட்டு" என்று கேட்டால் சின்னப் பிள்ளையும் அச்சுக்கூடத்தைக் காட்டிவிடும். எங்கள் வாரப் பத்திரிகைக்கு முதலாளியும் ஆசிரியரும் அவரே. ஒருவரைப் பற்றிக் கட்டுரை எழுதினால், அச்சுக்குப் போகுமுன் அந்த ஆளின் வீட்டுக்கே போய், முகத்துக்கு முன்னால், தலைப்பிலிருந்து முற்றுப்புள்ளி வரை வாசித்துக் காட்ட வேண்டும். எழுதியவரே வாசிக்க வேண்டும். இது அவருடைய சட்டம்.

இதற்குள் பெரிய தர்மம் ஏதோ இருக்கிறது என்று நான் பட்டதாரி மிதப்பில் நினைத்துக்கொண்டு, ஒருநாள் கேட்டும்விட்டேன்.

"தர்மமோ? உமக்கென்ன விசரே?" என்றார். "முந்தி ஒரு சங்கக்கடை மனேச்சரைப் பற்றிப் போட்டனான். அவரின்ரை ஆக்கள் வந்து அச்செழுத்துப் பெட்டியள் எல்லாத்தையும் கவிட்டுக் கொட்டிப்போட்டுப் போட்டினம். பொறுக்கி அடுக்கி முடியிறதுக்குள்ளை அந்தக் கிழமைப் பேப்பரே வரேல்லை. அடி வாங்கிறதெண்டா அவையின்ரை வீட்டு முத்தத்திலை போய் வாங்குவம் தம்பி. இஞ்சை மெசின் இருக்கு."

அடி வாங்கப் போவதற்கு அவரிடம் ஒரு முறை இருந்தது. கைக்கடிகாரம் கழன்று மேசை லாச்சிக்குள் போகும். போன வீட்டில் வாசிப்பு தொடங்குமுன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, கைலேஞ்சியில் சுற்றி, சட்டைப் பைக்குள் பத்திரப்படுத்துவார். பிறகு எழுதியவனுக்கும் எழுதப்பட்டவருக்கும் நடுவில் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருவார். அவருக்குக் காது கொஞ்சம் மந்தமாக்கும், அதுதான் கிட்டப் போய் உட்காருகிறார் என்று நான் எண்ணியிருந்தேன்.

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தை வியாபாரி ஒருவர், தம்மைக் கஞ்சன் என்று எழுதியதையெல்லாம் தலையாட்டிக் கேட்டுவிட்டு, கத்தரிக்காய் விலை பிழை என்று மட்டும் சண்டைக்கு வந்தார். வண்டிச் சவாரிப் போட்டி மாட்டுக்காரர் ஒருவர் மாட்டுக் கொட்டிலுக்குள் வைத்துத்தான் வாசிக்க வேண்டும் என்றார். கட்டுரையில் அந்த மாடு தோற்ற இடம் வந்தபோது எங்களை முட்ட வந்தது மாட்டுக்காரர் இல்லை, மாடு.

இதெல்லாம் மற்றவர்கள் எழுதிய கட்டுரைகள். நான் கூடப் போய் வேடிக்கை பார்த்தவன். அந்த வேடிக்கை முடிந்தது என் முறை வந்தபோதுதான்.

வீட்டில் அப்பா அப்போது என்னோடு பேசுவதை நிறுத்தியிருந்தார். கொழும்பில் சித்தப்பா ஒரு கிளார்க் வேலை ஒழுங்குபண்ணி வைத்திருந்தார். சனிக்கிழமை மெயில் வண்டிக்கு டிக்கெட்டும் எடுத்தாயிற்று. அம்மா நடுவில் நின்று ஒரு சமரசம் செய்தாள். வெள்ளிக்கிழமைப் பத்திரிகையில் என் பெயர் போட்ட கட்டுரை வந்தால் நான் யாழ்ப்பாணத்தில் இருக்கலாம், வராவிட்டால் வண்டி ஏற வேண்டும். என் கையில் இருந்ததோ ஒரேயொரு விவரணக் கட்டுரை.

குருநகரில் சவிரிமுத்துச் சம்மாட்டியார் என்று ஒருவர். சொந்த வள்ளமும் வலையும் ஆட்களும் உள்ளவர். புயலில் வள்ளம் கவிழ்ந்து, அதையே பிடித்துக்கொண்டு மிதந்து உயிர் தப்பியவர். அந்தோனியாரைக் கூவி அழைத்ததால் பிழைத்தேன் என்று கோயிலில் எல்லோருக்கும் சொல்லியிருந்தார். திருநாளில் அந்தோனியார் சுரூபம் தூக்கும் முன்வரிசை இடம் அதிலிருந்து அவருக்குத்தான். ஆனால் கரையில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தபோது என்னிடம் வேறு விதமாகச் சொன்னார்.

"மெய்யைச் சொன்னா தம்பி, அந்தோனியாற்றை ஞாபகமே வரேல்லை. மழைக்குணமாக் கிடக்கு, போகாதையுங்கோ எண்டு மனிசி மறிச்சவள். அவளை ஏசிப்போட்டுப் போனனான். கடலுக்கை கிடந்து திரேசா, திரேசா எண்டுதான் கத்தி அழுதனான்."

கட்டுரையின் உயிரே இதுதான் என்று நான் துள்ளிக் குதித்து எழுதினேன். வாசித்துக் காட்ட வேண்டும் என்ற நினைப்பு, எழுதி முடித்த பிறகுதான் வந்தது.

வியாழன் பின்னேரம் புறப்பட்டோம். நான் சைக்கிள் மிதிக்க, அவர் கரியரில் குடை பிடித்துக்கொண்டு இருந்தார். சம்மாட்டியார் வீட்டைக் கண்டதும் சைக்கிளைத் திருப்பிவிடலாமா என்று பார்த்தேன். தம்மைப் பற்றிப் பேப்பரில் வருகிறதென்று அந்த மனிதர் ஊரையே கூட்டி வைத்திருந்தார். தம்பிமார், தொழிலாட்கள், அயலவர் எல்லாரும் முற்றத்தில். சுவரில் துடுப்புகள் வரிசையாகச் சாத்தியிருந்தன. திரேசா அக்கா வாசல் நிலையில் சாய்ந்துகொண்டு நின்றார்.

வாசிச்சுக்காட்டு கண்ணாடியைக் கழற்றிச் சுற்றினார். கதிரையை நடுவில் போட்டார். "தொடங்கும்" என்றார்.

முதல் பக்கம் நன்றாகப் போனது. புயல் வந்தது, வள்ளம் கவிழ்ந்தது, சனம் "சேசுவே" என்றது. சம்மாட்டியார் மீசையைத் தடவிக்கொண்டார். அடுத்த பந்தி அந்தப் பந்தி. அதை அப்படியே தாண்டி, கரை சேர்ந்த இடத்துக்குப் பாய்ந்தேன்.

"தம்பி, ஒரு பந்தி தவறிப்போச்சு" என்றார் வாசிச்சுக்காட்டு. "காத்து தாளைப் பிரட்டிப்போட்டுது போலை."

முற்றத்தில் ஒரு இலைகூட ஆடவில்லை. வேறு வழியின்றி வாசித்தேன்.

"வானும் கடலும் ஒன்றான அந்த இருளில், சம்மாட்டியார் கவிழ்ந்த வள்ளத்தைக் கட்டிப் பிடித்தபடி குழந்தைபோல் அழுதார். அந்தோனியாரை அவர் அழைக்கவில்லை. 'திரேசா, திரேசா' என்று தம் மனைவியையே அழைத்தார்."

யாரோ ஒரு பொடியன் களுக்கென்று சிரித்து, சிரித்த வேகத்திலேயே வாயைப் பொத்தினான். சம்மாட்டியார் எழும்பினார். அவர் எழும்ப அவருடைய தம்பிமாரும் எழும்பினார்கள்.

"ஆரடா உனக்கு உந்தக் கதையைச் சொன்னது?"

சொன்னவரே கேட்டால் நான் என்ன சொல்ல? எனக்கு வெள்ளிக்கிழமைப் பத்திரிகையும் மெயில் வண்டியும் எல்லாம் மறந்துபோய், உயிரோடு வீடு போனால் போதும் என்று ஆகிவிட்டது. வாசிச்சுக்காட்டு எழுந்து நின்றார். சம்மாட்டியாரின் தோளுக்குக்கூட வரமாட்டார் மனிதர்.

"எழுதினது அவன். போடப்போறது நான்" என்றார். "அடிக்கிறதெண்டா என்னை அடியும்."

சம்மாட்டியார் கை ஓங்கியதை நான் கண்டேன். அப்போதுதான் வாசலிலிருந்து குரல் வந்தது.

"தம்பி, அந்த இடத்தை இன்னொருக்கா வாசியும்."

திரேசா அக்கா. நான் மறுபடி வாசித்தேன். அவர் முற்றத்துக்கு இறங்கி வந்தார்.

"எத்தினை தரம் கூப்பிட்டனீங்கள்?"

"கடலுக்கை கிடந்து ஆராவது எண்ணிக்கொண்டு கூப்பிடுவினமோடி?" என்று கத்தினார் சம்மாட்டியார். கத்திய பிறகுதான் தாம் ஒப்புக்கொண்டது அவருக்கு விளங்கியது. ஓங்கிய கை தானாக இறங்கிப் பிடரியைச் சொறிந்தது. முற்றம் முழுவதும் விழுந்து விழுந்து சிரித்தது.

"விடுங்கோ. அந்தோனியார் கோவிக்கமாட்டார்" என்றார் திரேசா அக்கா. "அவரை இஞ்சையிருந்து நான் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தனான்."

"போடுங்கோ ஐயா, போடுங்கோ" என்று முணுமுணுத்தார் சம்மாட்டியார். "அந்த அழுததை மட்டும்..."

"அதுவும் கிடக்கட்டும்" என்றார் மனைவி. எங்களுக்குப் பிளேன்ரீயும் பொரித்த மீனும் வந்தன. வாசிச்சுக்காட்டு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முள் பார்த்துச் சாப்பிட்டார்.

திரும்பி வரும்போது சைக்கிள் ஒரே ஆட்டம் ஆடியது. பாதை சரியில்லை என்று முதலில் நினைத்தேன். நல்ல தார் ரோட்டிலும் ஆட்டம் நிற்கவில்லை. கரியரில் இருந்த மனிதர் நடுங்கிக்கொண்டிருந்தார்.

"ஐயா, பயந்திட்டியளோ?"

"ரயருக்குக் காத்துக் காணாது. பாத்து மிதியும்" என்றார்.

அவருக்குக் காது நன்றாகக் கேட்கும் என்பதும், அந்தக் கதிரை ஏன் எப்போதும் நடுவில் போடப்பட்டது என்பதும் எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

வெள்ளிக்கிழமை கட்டுரை வந்தது. அப்பா மூன்றாம் பக்கத்தை விரித்து என் பெயரை வாசித்தார். டிக்கெட் வீணாகக் கூடாது என்று, சனிக்கிழமை தாமே மெயில் ஏறிக் கொழும்புக்குப் போனார். போகும்போது அந்தப் பத்திரிகையையும் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனார் என்று அம்மா சொன்னாள்.

வாசிச்சுக்காட்டு இப்போது தெல்லிப்பழையில் மகளோடு இருக்கிறார். இதுவரை எழுதியதை எடுத்துக்கொண்டு போன ஞாயிறு அவரிடம் போனேன். சட்டம் சட்டம்தானே. அவர் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு, "தொடங்கும்" என்றார். அவரைப் போலவே நானும் கண்ணாடியைக் கழற்றி, லேஞ்சியில் சுற்றிப் பைக்குள் வைத்தேன். தாளை விரித்தால் ஒரு எழுத்தும் தெரியவில்லை. எனக்கும் வயது போய்விட்டது. தாளைக் கிட்டப் பிடித்தேன், எட்டப் பிடித்தேன். கண்ணில் தண்ணீர் வேறு வந்து தொலைத்தது.

கிழவர் என்னைப் பார்த்தார்.

"கண்ணாடியைப் போடடா தம்பி" என்றார். "நான் அடிக்கமாட்டன்."