வேலிக்கு வெளியே கூட்ஸ் அண்ணை

அணுசக்தியே வேண்டாம் என்று கதவைச் சாத்திய நாட்டில் உட்கார்ந்துகொண்டு அணுக்கழிவு ஏற்றிய ரயிலுக்காக ஏங்கியவர் உலகத்தில் ஒரே ஒருவர்தான் இருக்க முடியும். அவர் எங்கள் கூட்ஸ் அண்ணை. ஆக்லாந்துத் தமிழர்களில் அவருடைய இயற்பெயர் அவருக்கு மட்டும்தான் தெரியும். யாழ்ப்பாணத்தார் ‘அண்ணை’ என்பார்கள், திருப்பூர்க்காரனான நான் ‘அண்ணே’ என்பேன். முன்னால் ‘கூட்ஸ்’ மட்டும் எல்லோருக்கும் பொது.

அவரைப் பற்றிப் பேசி நான் பல பேரைச் சிரிக்க வைத்திருக்கிறேன். உங்களையும் வைப்பேன். ஆனால் இதை எழுத உட்காரும்போதெல்லாம் எனக்குக் காது சூடாகிவிடுகிறது. காரணத்தைப் பிறகு சொல்கிறேன். இப்போதே சொன்னால் என்னைப் பிடிக்காமல் பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள்.

நியூசிலாந்துக்கு வருவதற்கு முன் கூட்ஸ் அண்ணை பதினோரு வருஷம் இங்கிலாந்தில் இருந்தார். அங்கே அணுமின் நிலையத்தில் எரித்து முடித்த எரிபொருளைச் சுவர் கனத்துக்கு இரும்புப் பெட்டகத்தில் அடைத்து ரயிலில் அனுப்புவார்களாம். முன்னால் ஓர் எஞ்சின், பின்னால் ஓர் எஞ்சின், நடுவில் ஒன்றோ இரண்டோ பெட்டி. பிளாட்பாரத்தில் நின்று அதை யார் வேண்டுமானாலும் படம் எடுக்கலாம். அப்படி அவர் எடுத்த படங்கள் பதினான்கு. அந்த ஆல்பத்தைப் பார்க்காமல் மேற்கு ஆக்லாந்தில் ஒரு தமிழன் பிறந்தநாள் கேக் தின்றதாகச் சரித்திரம் இல்லை.

“இது முன்னாலை இருந்து எடுத்தது. இது பின்னாலை இருந்து எடுத்தது.”

“ரெண்டும் ஒண்ணுதானே அண்ணே?”

“என்ன கதை கதைக்கிறாய் தம்பி? முன் எஞ்சினிலை ஊத்தை. பின் எஞ்சின் வடிவாக் கழுவிக் கிடக்கு. கண்ணைத் துறந்து பார்.”

நான் கிளென் ஈடனில் ஒரு ஃபிஜி இந்தியர் வீட்டின் பின்னறையில் வாடகைக்கு இருந்தேன். அண்ணை இரண்டு தெரு தள்ளி. வந்த புதிதில் நண்பர்களைப் பிடிக்க என்னிடம் இருந்த ஒரே சரக்கு, கூட்ஸ் அண்ணை மாதிரி நடித்துக் காட்டுவது. கழுத்தில் கேமரா தொங்குவது போல வயிற்றை முன்னால் தள்ளி, “கண்ணைத் துறந்து பார்” என்று நான் ஆரம்பித்தாலே கூட்டம் உருளும். ஒருநாள் நடிப்பு உச்சத்தில் இருந்தபோது எல்லோரும் திடீரென்று அமைதியானார்கள். திரும்பினால், வாசலில் ரோல்ஸ் பலகாரத் தட்டோடு அவர் நிற்கிறார்.

“தம்பி, நீ ஒரு எஞ்சின்தான் சொல்லுறாய். ரெண்டு எஞ்சின். மற்றபடி நல்லாச் செய்யிறாய்.”

அவர் படம் எடுப்பார் என்பது தெரியும், எதை எடுப்பார் என்பது தெரியாது என்ற நிலையில் ஒரு குடும்பம் அவரைத் தங்கள் மகளின் அரங்கேற்றத்துக்கு அழைத்துவிட்டது. ரானுயி என்ற பக்கத்துப் பகுதியில் ரயில்பாதையை ஒட்டிய மண்டபம். பதம் வரை எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. தில்லானாவுக்கு ஜதி ஆரம்பித்த நேரம் தூரத்தில் ஹார்ன் கேட்டது. மேடைக்கு முன்னால் மண்டியிட்டிருந்த அண்ணையைக் காணோம். பிறகு ஆல்பம் வந்தது. வர்ணம், பதம், அதற்கப்புறம் இருபத்துமூன்று பக்கம் மரக்கட்டை ஏற்றிய வேகன்கள், அதற்கப்புறம் மங்களம். பெண்ணின் அம்மா சண்டைக்குப் போனார்.

“என்ர பிள்ளையின்ர தில்லானா எங்கை அண்ணை?”

“பிள்ளை திருப்பியும் ஆடும் தங்கச்சி. கூட்ஸ் திருப்பி வராது.”

நியூசிலாந்து ரயிலில் அணுப்பெட்டகம் இல்லையே என்று அவர் சும்மா இருக்கவில்லை. இருக்கிற பால்பவுடர் வண்டியையும், அவர் பாஷையில் பால்மா வண்டியையும், மர வண்டியையும் அதே மரியாதையோடு நடத்தினார். வண்டியை மட்டும் அல்ல, அதன் காவலையும் படம் எடுப்பார். வேலி, கேட், காவல் கூண்டு, கூண்டுக்குள் தூங்குகிறவர், எல்லாம். ஒரு நீலநிற நோட்டில் எழுதியும் வைப்பார். ஒருமுறை வாங்கிப் பார்த்தேன். “பால்மா. பெட்டி 31. எஞ்சின் 2. பாதுகாப்பு: சீகல் இரண்டு. ஒன்று நித்திரை.” சீகல் என்றது வேலியில் உட்கார்ந்திருந்த கடற்பறவைகளை.

என்னிடம் சென்னையில் வாங்கிய டிரைவிங் லைசென்ஸ் இருந்தது. கார் ஓட்டத்தான் தெரியாது. எனக்கு வேலை விரி என்ற இடத்தில் ஒரு கண்டெய்னர் கிடங்கின் அலுவலகத்தில். அண்ணைக்கு வேலை அதற்குப் பக்கத்தில் முதியோர் இல்லச் சமையலறையில். “நான் போற வழிதானே, ஏறு” என்றார். ஒன்பது மாதம் ஏறினேன். வேலையில் போட சேஃப்டி பூட்ஸ் வேண்டும் என்றபோது கடைக்குக் கூட்டிக்கொண்டு போய், நாலு ஜோடியை வளைத்துப் பார்த்துத் தேர்ந்து கொடுத்தவரும் அவரே. அவர் வேலை இரண்டரைக்கு முடியும், என் வேலை மூன்றரைக்கு. அந்த ஒரு மணி நேரம் எங்கள் கிடங்கு வேலிக்கு வெளியே நடைபாதையில் நின்று, உள்ளே வரும் கூட்ஸைப் படம் எடுத்துக்கொண்டு எனக்காகக் காத்திருப்பார்.

ஒருநாள் காலை நெடுஞ்சாலை நெரிசலில் கார் நின்றபோது கேட்டே விட்டேன். “ஏண்ணே, மனுஷன் போட்டோ எடுக்க மலை இருக்கு, கடல் இருக்கு. உங்களுக்கு எதுக்கு இந்தக் கூட்ஸ் பைத்தியம்?”

அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார். “சண்டைக் காலத்திலை எங்கடை பக்கம் தண்டவாளத்துக்குக் கிட்டக் கமராவோடை நிண்டவன் வீட்டை வந்து சேரமாட்டான் தம்பி. இங்கிலாந்திலை முதல்முதல் அந்த நியூக்ளியர் ரெயினைப் படம் எடுக்கேக்கை ஒரு பொலிஸ்காரன் நேர என்னட்டை வாறான். இருந்த பேப்பர் முழுக்க எடுத்து நீட்டிப்போட்டன். அவன் என்ன கேட்டவன் தெரியுமே? ‘படம் நல்லா வந்துதோ?’ எண்டு கேட்டவன். பிளாட்பாரத்து மஞ்சள் கோட்டுக்குப் பின்னாலை நில்லுங்கோ எண்டிட்டுப் போட்டான்.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவும்தான். அப்பிடிப்பட்ட ரெயினையே எடுக்க விட்டாங்கள். பிளேனாலை இறங்கி ரெண்டு வருஷம் கழிச்சு, அண்டைக்குத்தான் தம்பி நான் உண்மையா வந்து சேந்தனான்.”

அந்தச் சனிக்கிழமை ஒரு விருந்தில் இதையும் நடித்துக் காட்டினேன். பேப்பரை நீட்டும் கை நடுங்குவதைத் தத்ரூபமாகச் செய்தேன். நல்ல கைத்தட்டல்.

இனி சொல்லாமல் தள்ளிப்போட முடியாது.

என் நிரந்தரவாச விண்ணப்பம் அப்போது பரிசீலனையில் இருந்தது. இந்த வேலை போனால் அதுவும் போகும். அந்த நேரம் பார்த்துக் கிடங்குக்குப் புதிதாக ஒரு பாதுகாப்பு மேலாளர் வந்தார். காலைத் தேநீர் இடைவேளையில் என் மேசைக்கு வந்து தன் போனைக் காட்டினார். வேலிக் கேமராவில் பிடித்த படம். மஞ்சள் மழைக்கோட்டு, கம்பளித் தொப்பி, கண்ணில் கேமரா. இந்த ஆள் தினமும் மூன்று மணிக்கு வந்து கேட்டையும் காவல் கூண்டையும் படம் எடுக்கிறான், உனக்குத் தெரிந்தவனா என்று இங்கிலீஷில் சாதாரணமாகத்தான் கேட்டார். மிரட்டவில்லை, முறைக்கவில்லை.

“என்னை வீட்டுக்குக் கூட்டிப்போக வருகிறவர், ரயில் பைத்தியம், தங்கமான மனுஷன்” என்று சொல்லியிருந்தால் ரெண்டு பேரும் சிரித்திருப்போம். நான் சொன்னது, “நோ சார். நெவர் சீன் ஹிம்.”

இந்த நாட்டில் யாரும் யாரையும் ‘சார்’ என்று கூப்பிடுவதில்லை. வந்ததிலிருந்து நானும் கூப்பிட்டதில்லை. அன்றைக்குப் பயத்தில் ஊரிலிருந்து அதுவும் கிளம்பி வந்துவிட்டது.

மூன்று மணிக்கு வேலிக்கு வெளியே போலீஸ் கார் வந்து நின்றது. நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். இறங்கியது ஒரு சின்ன வயதுப் போலீஸ்காரர். சிரித்துத்தான் பேசினார். கூட்ஸ் அண்ணை தொப்பியைக் கழற்றினார். இரண்டு காலையும் சேர்த்து வைத்து நின்றார். பர்ஸைத் திறந்து லைசென்ஸ், வேலை அட்டை, நூலக அட்டை என்று ஒவ்வொன்றாக எடுத்து நீட்டினார். நான் விருந்தில் நடித்துக் காட்டிய அதே கை. நான் செய்ததைவிட அதிகமாக நடுங்கியது. பிறகு கேமராவைத் திருப்பி வைத்து, கட்டைவிரலால் அமுக்கி அமுக்கிப் படங்களை அழிக்க ஆரம்பித்தார். போலீஸ்காரர் வேண்டாம் என்பது போலக் கையை ஆட்டியும் அவர் நிறுத்தவில்லை.

எழுந்து போக எனக்கு நாற்பது அடி தூரம். சொல்ல வேண்டியது ஒரு வாக்கியம். அந்த நேரம் அவர் நிமிர்ந்து நேராக என் ஜன்னலைப் பார்த்தார். நான் சட்டென்று குனிந்து பூட்ஸ் லேஸைக் கட்டினேன். நான் போட்டிருந்தது லேஸே இல்லாத பூட்ஸ்.

மூன்றரைக்குப் பின்பக்கக் கேட் வழியாக வெளியேறி, மழையில் ஸ்டேஷனுக்கு நடந்தேன். சாயங்காலம் போன் வந்தது.

“தம்பி, கார் கொஞ்சம் பிழை குடுக்குது. நாளையிலை இருந்து ரெயினிலை போவியே?”

“சரிண்ணே.”

“குடையைக் கொண்டு போ. மழை எண்டு சொல்லுறாங்கள்.”

போனை வைத்ததும் எனக்கு வந்தது அழுகை என்று எழுத ஆசை. வந்தது நிம்மதி. மறுநாள் காலை நான் ஸ்டேஷனில் நின்றபோது அவருடைய கார் ஒரு குறையும் இல்லாமல் லெவல் கிராஸிங்கைத் தாண்டிப் போனது.

அதற்கப்புறம் அவர் படம் எடுக்கவில்லை. ஆல்பத்தைக் கொண்டுவருவதும் நின்றது. “கூட்ஸ் அண்ணைக்கு இப்ப புத்தி வந்திட்டுது” என்று பெண்கள் நிம்மதியாகக் கேக் வெட்டினார்கள். ரயில்பாதைச் சத்தமே பிடிக்கவில்லை என்று வீட்டையும் ரானுயியின் உள்பக்கத்துக்கு மாற்றிக்கொண்டார். என்னை எங்கே பார்த்தாலும் “சாப்பிட்டியோ?” என்பார். என்னை யாராவது நடிக்கச் சொன்னால் தொண்டை கட்டியிருக்கிறது என்பேன். ஒன்றரை வருஷம் எனக்குத் தொண்டை கட்டியிருந்தது.

நிரந்தரவாசம் வந்தது. கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன். முதல் வேலையாக லட்டு டப்பாவோடு ரானுயிக்கு ஓட்டிக்கொண்டு போனேன். அவர் தேநீர் போட்டார். நான் டப்பாவைத் திறக்காமலேயே ஆரம்பித்தேன்.

“அண்ணே, அன்னைக்கு ஆபீஸ்ல உங்க படத்தைக் காட்டிக் கேட்டாங்க. உங்களைத் தெரியாதுன்னு சொல்லிட்டேன்.”

“தெரியும் தம்பி.”

“எப்படித் தெரியும்?”

“நீ சப்பாத்துக் கயிறு கட்டக் குனிஞ்சாய். அந்தச் சப்பாத்துக்குக் கயிறு இல்லை. நான்தானே வாங்கித் தந்தனான்.”

தரைவிரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சீனியைக் கலக்கிக்கொண்டே சொன்னார். “அந்தப் பொலிஸ்காரப் பெடியன் நல்லவன். றோட்டிலை நிண்டு எடுக்கலாம், பிழையில்லை எண்டுதான் சொன்னவன். என்ர கைதான் கேக்கேல்லை. உள்ளுக்கை ஆரையும் தெரியுமோ எண்டு கேட்டவன். ஒருத்தரையும் தெரியாது எண்டன்.”

“ஏண்ணே அப்படிச் சொன்னீங்க? என்னைக் கைகாட்டியிருந்தா அப்பவே முடிஞ்சிருக்குமே!”

“அப்ப உனக்கு விசா வரேல்லைத்தானே” என்றார். அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார்.

திட்டியிருந்தால் தேவலை. கப்பைத் தூக்கி எறிந்திருந்தாலும் சந்தோஷப்பட்டிருப்பேன். “லட்டைத் துற” என்றார். திறந்தேன். இரண்டு தின்றார். ஊர் லட்டு மாதிரி இல்லை என்றார்.

இப்போது சனிக்கிழமைகளில் நான் அவரை என் காரில் விரிக்குக் கூட்டிப்போகிறேன். முதல் நாலு வாரம் காரை விட்டு இறங்கவே இல்லை. ஐந்தாவது வாரம் இறங்கினார், கேமரா இல்லாமல். அந்தப் பாதுகாப்பு மேலாளர் வண்டியில் வெளியே வந்தார். அண்ணை தொப்பியில் கை வைத்தார். நான் முந்திக்கொண்டு போய்க் கண்ணாடியைத் தட்டி, இவர்தான் என்னைத் தினமும் வேலைக்குக் கொண்டுவந்து விட்டவர், அன்றைக்கு உங்களிடம் பொய் சொன்னேன் என்று இங்கிலீஷில் உளறிக்கொட்டினேன். அவருக்கு அப்படி ஒரு நாள் இருந்ததே ஞாபகம் இல்லை. அண்ணையைப் பார்த்துக் கையாட்டிவிட்டு, மழை வரும் போலிருக்கிறது என்று சொல்லிப் போய்விட்டார். இவ்வளவு சின்ன விஷயத்துக்குத்தான் நான் அவரை விற்றேன்.

ஏழாவது வாரம் கேமராவைக் கொண்டுவந்தார். மழை கொட்டியது. லென்ஸ் நனையாமல் நான் குடை பிடித்தேன். மூன்று படம் எடுத்தார். மூன்றில் இரண்டு மங்கல். திரும்பி வரும்போது அந்த நீல நோட்டில் எதையோ எழுதினார். அவர் பெட்ரோல் பங்கில் பை என்ற இறைச்சிப் பண்டம் வாங்கப் போன நேரத்தில் திருட்டுத்தனமாகப் புரட்டினேன்.

“விரி. பெட்டி 28. எஞ்சின் 2. பாதுகாப்பு: தம்பி, குடையோடு.”

சீகல்களை விட்டுவிட்டு என்னை எழுதியிருக்கிறார். அந்த வேலைக்குத் தகுதி இல்லாதவன் நான் என்பது அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். வருகிற சனிக்கிழமைக்கு இன்னும் பெரிய குடையாக ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன்.